விரல் ஓடும் தந்தி

1947 ஜூன் 5. காவிரி டெல்டாவில், கூத்தாநல்லூருக்கு வடக்கே, கொரடாச்சேரிப் பக்கம் இருக்கும் திருக்கொள்ளம்பூதூர்ச் சிவன் கோயிலில் ஒரு புத்தகத்துக்கு அரங்கேற்றம். கரந்தைத் தமிழ்ச் சங்கம் அச்சிட்ட அந்தப் புத்தகம் ‘யாழ் நூல்’. எழுதியவர் இலங்கையின் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள். லண்டன் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானப் பட்டம் வாங்கிய துறவி. தந்தியின் நீளம், இழுவிசை, அதிர்வெண் என்று கணக்குப் போட்டே பழைய யாழை மீட்டெடுக்கப் பார்த்தவர். அந்தக் கணக்குப்படி செய்த முளரி யாழ் முதலான கருவிகளும் அன்று ஊர்வலமாக வந்தன. விழா மறுநாளும் நடந்தது. உடல் நலிந்திருந்த அடிகள் ஆறு வாரம் கழித்து, ஜூலை 19 அன்று காலமானார்.

தந்தியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குத் தமிழில் பதில் சொன்னவர்களில் அடிகள் முதல் ஆள் அல்ல. அவருக்கு ஆயிரம் ஆண்டு முன்பே சீவக சிந்தாமணியில் சீவகன் அதைச் செய்துகாட்டியிருக்கிறான். காந்தருவதத்தையோடு இசைப்போட்டி. சீவகன் கையில் யாழ் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறது. ஒன்றின் மரம் தண்ணீரில் ஊறி இளகியது என்று தள்ளுகிறான். இன்னொன்று அழுகியது, மற்றொன்று வெந்தது, வேறொன்று இடி விழுந்தது. மரம் தேறினாலும் நரம்பு தேற வேண்டுமே. நரம்புக்குள் மறைந்து கிடந்த மயிரைக் கண்டுபிடித்து, இது ஆகாது என்கிறான். யாழ் நரம்புக்கு ஆகாத குற்றங்கள் நான்கு என்று பழைய இசை இலக்கணம் பட்டியல் போடுகிறது: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. புரி கோணலாக ஏறியிருப்பது, மயிர் கலந்திருப்பது, சிம்பு நிற்பது, அளவுக்கு மிஞ்சித் திருகியிருப்பது. கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த உ.வே. சாமிநாதையர் 1887-இல் சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்த பிறகு இந்தக் காட்சி பலர் கைக்கும் எட்டியது.

நான்கு குற்றங்களும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. நரம்பின் கனம் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே சீராக இல்லை. சீரில்லாத நரம்பில் ஸ்வரம் சுத்தமாக நிற்காது. இணை ஸ்வரங்கள் (ஹார்மோனிக்ஸ்) பிசகும். ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டு லூட் வாத்தியக்காரர்களுக்கு இதற்கொரு சோதனை இருந்தது. ஆட்டுக் குடலில் திரித்த நரம்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து ஒரு விரலால் சுண்டுவார்கள். அதிரும்போது இரண்டு கோடு தெளிவாகத் தெரிந்தால் நல்ல நரம்பு. இடையில் மூன்றாவதாக ஒரு கோடு ஆடினால் வேண்டாம் என்று வைத்துவிடுவார்கள். சீவகன் பார்த்ததும் இதைத்தான்.

ஆனால் யாழ்க்காரனுக்கு இல்லாத ஒரு கவலை பின்னால் வீணைக்காரனுக்கு வந்து சேர்ந்தது. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு ஸ்வரம். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பது மரபாகச் சொல்லும் கணக்கு. வில் போல வளைந்த யாழில் விரல் நரம்பைச் சுண்டிவிட்டு நகர்ந்துவிடும். நரம்பின்மேல் நீளவாக்கில் ஊராது. ஆகவே நரம்பின் மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா என்பது பெரிய விஷயமே அல்ல.

இந்த ஏற்பாடு எங்கே இடறியது என்பதற்குக் காவிரிக் கரையிலேயே ஒரு கதை உண்டு. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரின் பதிகங்களைத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கூடவே போய் யாழில் வாசித்துவந்தார். காரைக்கால் பக்கத்துத் திருத்தருமபுரத்தில் சம்பந்தர் பாடிய பதிகம் மட்டும் யாழில் அடங்கவில்லை. யாழ்ப்பாணர் மனம் நொந்து யாழையே முறிக்கப் போனார். அதனால் அந்தப் பதிகத்துக்கு ‘யாழ்முரி’ என்று பெயர் நின்றது. தொண்டைக்குள் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிற குரலை, தனித்தனி நரம்பாகக் கட்டிய கருவியால் எப்படிப் பிடிக்க முடியும்?

அதைப் பிடிக்கிற கருவி தஞ்சாவூரில் உருவானது. 1600 முதல் 1634 வரை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகளை நிலையாகப் பதித்த வீணை உருப்பெற்றது என்பது வழிவழியாக வரும் வரலாறு. அவருடைய அமைச்சர் கோவிந்த தீட்சிதர். தீட்சிதரின் மகன் வேங்கடமகி அடுத்த அரசர் விஜயராகவ நாயக்கர் காலத்தில் ‘சதுர்தண்டீ பிரகாசிகை’ எழுதி 72 மேளங்களுக்குக் கணக்குச் சொன்னார். பலாமரத்தில் குடமும் தண்டியும். தண்டியின் இரு ஓரத்திலும் கறுப்பு மெழுகு. அந்த மெழுகில் காதால் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு மெட்டாகப் பதிப்பார்கள். மேலே நான்கு தந்தி: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று.

வீணையில் இடது கை விரல்கள் தந்தியை விட்டு எழுவதே அபூர்வம். ஒரு மெட்டிலிருந்து நாலைந்து மெட்டு தாண்டிப் போகும் ஜாரு ஒரே இழுப்பில் வரும். ஒரே மெட்டில் நின்றபடி தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இரண்டு மூன்று ஸ்வரங்களைக் காட்டும் கமகமும் உண்டு. வலது கை மீட்டுவது ஒரு தடவை; இடது கை அதற்குள் ஒரு சங்கதியையே முடித்துவிடும். அப்போதுதான் மேற்பரப்பு முக்கியமாகிறது. விரல் ஓடும் வழியில் சின்னப் பிசிர் இருந்தாலும் அது ராகத்தோடு சேர்ந்து கேட்கும்.

கூத்தாநல்லூரிலிருந்து கிழக்கே திருவாரூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர். அவர்களில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னைப் பக்கம் மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் வயலின் கற்றார். அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர் என்ற பெயரும் அவருக்கே. அதே காலத்தில் தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி மேற்கத்திய பேண்டு வைத்து, இசைச் சுவடிகளையும் சேர்த்துக்கொண்டிருந்தார். வயலினில் மெட்டே இல்லை. விரல் விருப்பப்படி ஓடலாம். கமகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அந்த வயலின்களில் அப்போது குடல் நரம்புதான் பூட்டியிருந்தது. கீழ் ஸ்தாயி நரம்புக்கு மட்டும் மேலே மெல்லிய வெள்ளிக் கம்பி சுற்றியிருக்கும். உலோகம் சுற்றிய நரம்புக்கு 1664-லேயே லண்டன் பதிப்பாளர் ஜான் பிளேஃபோர்டு தம் புத்தகத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். தஞ்சாவூரில் விஜயராகவ நாயக்கர் ஆண்ட அதே ஆண்டுகள் அவை. குடல் நரம்புக்கும் டெல்டாவுக்கும் ஒத்துப்போகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குடல் நரம்பு ஈரத்தை உறிஞ்சி ஊதும், சுருதி நிற்காது, பங்குனி வெயிலில் வெடித்து அறும். எஃகுத் தந்திக்கு அந்தத் தொல்லை இல்லை. அதற்குத் துரு என்று வேறொரு தொல்லை.

கீழ் ஸ்தாயிக்கு ஏன் கம்பியின்மேல் கம்பி சுற்ற வேண்டும்? கணக்கு எளிது. நீளமும் இழுவிசையும் மாறாமல் ஒரு தந்தியை ஒரு ஸ்தாயி கீழே இறக்க வேண்டுமானால் அதன் எடை நான்கு மடங்காக வேண்டும். அதே உலோகம் என்றால் தடிமன் இரண்டு மடங்கு. இப்படித் தடித்துக்கொண்டே போனால் தந்தி விறைத்து, நாதம் மந்தமாகிவிடும். உள்ளே மெல்லிய எஃகை ஓடவிட்டு, எடையை மட்டும் வெளிச் சுற்றில் ஏற்றினால் தந்தி வளையவும் வளையும், கனமாகவும் இருக்கும்.

மூன்று கட்டை சுருதிக்கு வீணையைச் சேர்த்தால் சாரணி நொடிக்கு சுமார் 165 தடவை அதிரும். பஞ்சமம் 123, மந்தரம் 82, அனுமந்தரம் 62. பின்னாளில் இங்கே வந்த எலெக்ட்ரிக் பேஸ் கிட்டாரின் நான்கு கம்பிகளோ கீழிருந்து 41, 55, 73, 98. அனுமந்தரத்தின் ஒலி பேஸ் கிட்டாரின் இரண்டாவது, மூன்றாவது கம்பிகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறது. தந்தியின் நீளமும் பெரிதாக வேறுபடாது. வீணைக்கு 24 மெட்டு, ஃபெண்டர் நிறுவனத்தின் முதல் பேஸுக்கு 20. ஆக, அந்தக் கருவி தமிழ்நாட்டுக்கு வந்தபோது அதன் ஒலி இங்குள்ள காதுக்கு அவ்வளவு புதிது அல்ல.

கலிஃபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1951-இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை நடனக் குழுக்களில் ஆள் உயரத்துக்கு நின்ற டபுள் பாஸுக்கு அது மாற்று. டபுள் பாஸ் போலவே ஒலிக்க வேண்டும், ஆனால் காரின் பின்சீட்டில் அடங்க வேண்டும். 1950-களின் பேஸ்களில் பெரும்பாலும் இருந்தது ஃப்ளாட்வவுண்ட் கம்பி. எஃகு உள்கம்பியின்மேல் கடைசிச் சுற்றாக உருண்டைக் கம்பிக்குப் பதில் தட்டையான பட்டைக் கம்பியை நெருக்கிச் சுற்றி, மெருகேற்றியிருப்பார்கள். தொட்டால் ஒற்றைக் கம்பி போல வழவழப்பாக இருக்கும். மேல் இணை ஸ்வரங்கள் சீக்கிரம் அடங்கி, அடிநாதம் மட்டும் ‘தும்’ என்று நிற்கும்.

இந்த ஒலி கூத்தாநல்லூரை வந்தடைந்தது சென்னையின் சினிமாப் பாட்டு வழியாக மட்டுமல்ல.

வெண்ணாற்றங்கரையில் இருக்கும் இந்த ஊருக்குச் ‘சின்னச் சிங்கப்பூர்’ என்றே ஒரு பெயர் உண்டு. சுற்றிலும் சம்பா வயல்; ஊருக்குள் வீட்டுக்கொருவர் சபராளி. மலேயாவிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்தோ கணக்கு எழுதியோ சம்பாதித்து, சில ஆண்டுக்கொரு தடவை பெட்டியோடு வந்து இறங்குபவர்கள். நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் ஏறிய தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் 1830-க்குள்ளாகவே நாகூர் தர்காவுக்கு ஒரு நினைவிடம் கட்டிவிட்டார்கள் என்றால், அந்தப் போக்குவரத்து எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சிங்கப்பூரில் 1961 நவம்பரில் ஹேப்பி வேர்ல்டு அரங்கில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் வந்து வாசித்தார்கள். ஷேடோஸின் பேஸ் கலைஞர் ஜெட் ஹாரிஸ். பிரிட்டனில் ஃபெண்டர் பேஸை முதலில் பிரபலமாக்கியவர்களில் ஒருவர். அவர்கள் போன கையோடு தீவெங்கும் பையன்கள் கிட்டாரைத் தூக்கினார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் சேர்ந்த ‘தி குவெஸ்ட்ஸ்’ குழுவின் ‘ஷாண்டி’ என்ற இசைத்தட்டு 1964-இல் பீட்டில்ஸைத் தள்ளிவிட்டு அங்கே முதலிடத்துக்குப் போனது. மலாய்க் குழுக்களின் ‘பாப் யே யே’ வானொலியை நிறைத்தது. அந்த ஊரில் கல்லாவில் உட்கார்ந்திருந்த டெல்டாக்காரர்களின் காதில் இது விழாமல் இருந்திருக்காது. அவர்கள் கேட்ட பேஸ், ஃப்ளாட்வவுண்ட் காலத்து பேஸ்.

அந்தக் காலம் முடிந்தது 1966-இல். ‘தி ஹூ’ குழுவின் ஜான் என்ட்விசில் பியானோ போலக் கணீரென்று ஒலிக்கும் கம்பி வேண்டுமென்று இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனத்திடம் போனார். நிறுவனர் ஜேம்ஸ் ஹௌவுடன் சேர்ந்து ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து முடிவு செய்ததுதான் ‘ஸ்விங் பேஸ்’ என்ற ரவுண்டுவவுண்ட் கம்பி. வெளிச் சுற்று உருண்டைக் கம்பி. நகத்தால் வருடினால் ‘சர்ர்’ என்று பல்பல்லாகத் தட்டும். ஒலி பளிச்சென்று வரும், ஆனால் மெட்டுகளை அராவும், வியர்வையும் அழுக்கும் பள்ளங்களில் தங்கிச் சீக்கிரம் மங்கும். மங்கிய கம்பியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து மறுபடி மாட்டிக்கொள்ளும் கைவைத்தியம் உலகமெங்கும் பேஸ் வாசிப்பவர்களிடம் உண்டு.

எதிர்க்கட்சியின் தலைவர் டெட்ராய்டில் இருந்தார். மோடவுன் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன் (1936–1983) தன் 1962 மாடல் பிரிசிஷன் பேஸில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளை மாட்டி, ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே வாசித்தார். அறுந்தால் ஒழிய மாற்றமாட்டார். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ் பாட்டுகளில் கேட்கும் அந்தக் கனத்த பேஸ் பழைய கம்பியின் ஒலிதான்.

தமிழ்நாட்டில் பேஸ் முன்னுக்கு வந்தது இளையராஜாவோடு. தன்ராஜ் மாஸ்டரிடம் கற்று, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தேறி, 1976-இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தவர் அவர். அதற்கு முன் பேஸ் தாளத்தோடு சேர்ந்து அடிஸ்வரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவர் அதற்குத் தனி ஓட்டம் எழுதினார். பாடகர் ஒரு பக்கம் போக, பேஸ் எதிர்ப்பக்கம் இறங்கி நடக்கும். அவருடைய குழுவில் பல ஆண்டு அதை வாசித்தவர் சசிதரன். 1978-இல் வந்த ‘ப்ரியா’ ஸ்டீரியோவில் பதிவான தமிழ்ப் படப் பாடல்களில் முன்னோடி. கதை நடப்பதும் சிங்கப்பூரில். மத்திய அலை வானொலியின் சின்ன ஸ்பீக்கரில் 60, 70 அதிர்வெண்ணெல்லாம் காணாமல் போய்விடும். சபராளிகளின் பெட்டியிலிருந்து வெளியே வந்த ஸ்டீரியோ டேப் ரிக்கார்டரில் அவை கேட்டன. கீழே இப்படி ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

கமகத்துக்காகக் கம்பியையே மாற்றியமைத்த ஒரு சிறுவனும் அந்த ஆண்டுகளில்தான் மேடையேறினான். ஆந்திராவின் பாலகொல்லுவில் 1969-இல் பிறந்த யு. ஸ்ரீநிவாஸ். மேண்டலினில் நான்கு ஜோடிக் கம்பிகள். ஜோடியை விரலால் இழுத்தால் இரண்டும் ஒரே அளவுக்கு ஏறாது, கமகம் கரகரக்கும். ஸ்ரீநிவாஸ் ஜோடிகளைக் கழற்றி எறிந்தார். எலெக்ட்ரிக் மேண்டலின், ஒற்றைக் கம்பிகள், கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவதாக ஒன்று. பூட்டிப் பார்த்து வாசித்துப் பார்த்து அவர் எடுத்த இந்த முடிவால்தான் கச்சேரி மேடையில் மேண்டலினுக்கு இடம் கிடைத்தது.

வீணையிலும் இதே பிரச்சினை வேறு வாசலில் வந்தது. பித்தளைத் தந்தி இயல்பாகவே வழவழப்பு. விரல் ஓட அதைவிட நல்லது இல்லை. ஆனால் காந்தப் பிக்கப்புக்குப் பித்தளை கேட்காது. இரும்பு, நிக்கல் போன்ற காந்தம் பிடிக்கிற உலோகம்தான் கேட்கும். அதனால் பலர் காண்டாக்ட் மைக்கை ஒட்டிக்கொண்டார்கள். அது மரத்தின் அதிர்வை அப்படியே எடுக்கும், விரல் உரசும் சத்தத்தையும் சேர்த்தே எடுக்கும். மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் எஃகு உள்ளோடிய சுற்றுத் தந்தி போடுகிறவர்களுக்கு இந்த உரசல்தான் முதல் எதிரி. உருண்டைச் சுற்றில் ஜாரு போனால் ‘கிறீச்’ என்கிறது. குதிரையின்மேல் பதித்த பித்தளைத் தகட்டையும் பித்தளை மெட்டையும் அந்தப் பற்கள் தேய்க்கின்றன. பட்டைச் சுற்றில் இரண்டும் இல்லை. ஜேமர்சனின் கம்பிக்கும் அனுமந்தரத்துக்கும் தேவை ஒன்றாகிவிட்டது.

இங்கே ஒரு முரணும் உண்டு. தம்பூராவில் இதே காது நேர் எதிரான ஒலியைக் கேட்கிறது. குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலை நுழைத்து நகர்த்தி, இணை ஸ்வரமெல்லாம் பூத்து வரும் ‘ஜீவா’வைத் தேடுகிறார்கள். விரல் ஓடாத தந்தியில் ரீங்காரம் வேண்டும். விரல் ஓடும் தந்தியில் உரசல் கூடாது. வீணைக்காரருக்கு இரண்டும் ஒரே கருவியில் வேண்டும்: குதிரையின் தகட்டிலிருந்து ரீங்காரம், விரலுக்கடியில் மௌனம். தஞ்சாவூர் வீணைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பலாவும் செதுக்கும் கையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தந்தி தவறினால் அந்த வீணையும் ஊமைதான்.

இன்று டெல்டாவின் மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் வாசிக்கும் ஒருவர் ஃப்ளாட்வவுண்டுக்கு மாற நினைத்தால் முதலில் பார்ப்பது தடிமன் எண்ணை. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கு. சாதாரண ரவுண்டுவவுண்ட் செட் 45-இல் தொடங்கி 105-இல் முடியும். ஜேமர்சன் பெயரிலேயே லா பெல்லா விற்கும் செட் 52 முதல் 110 வரை. விரலுக்கு இரும்புக் கம்பியாகவே இருக்கும், கழுத்தும் வளையும், கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராடைத் திருகிச் சரிசெய்ய வேண்டிவரும். வியன்னாவில் 1919 முதல் தந்தி செய்துவரும் தோமஸ்டிக்-இன்ஃபெல்டின் ‘ஜாஸ் ஃப்ளாட்ஸ்’ 43 முதல் 100 வரை. இழுவிசை குறைவு, பக்கவாட்டில் இழுத்தால் வீணை போல வளைந்துகொடுக்கும். கமகம் பழகிய கை இதைத்தான் முதலில் கேட்கும். இழுத்த இழுப்புக்கு வருகிறதே என்று பலமாக மீட்டினால் மெட்டில் பட்டுக் கடகடக்கும் என்பது அதன் மறுபக்கம்.

மாட்டிய அன்றே தீர்ப்புச் சொல்லக் கூடாது. புது ஃப்ளாட்வவுண்டிலும் சில நாள் ஒரு தகர ஒலி இருக்கும். வாசிக்க வாசிக்க அடங்கும். எல்லாவற்றையும்விட நல்ல சோதனை, மூன்றாவது கம்பியில் கீழ் ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே ஜாருவாக ஏறிப் பார்ப்பது. ஆம்ப்ளிஃபையரில் ஸ்வரம் மட்டும் கேட்டால் சரியான கம்பி. பிறகு 12-ஆவது மெட்டில் அமுக்கியும், அதே இடத்தில் லேசாகத் தொட்டு இணை ஸ்வரத்தை எழுப்பியும் ஒப்பிட வேண்டும். இரண்டும் ஒத்து வராமல், குதிரையை நகர்த்தியும் சரிப்படாவிட்டால் அந்தக் கம்பியின் கனம் சீராக இல்லை. மாட்டும்போது ஒரே ஒரு கட்டாயம். முறுக்காணிக்கு மேல் மிஞ்சும் நுனியை முதலில் செங்கோணமாக மடக்கிவிட்டு, மடிப்புக்கு அப்பால்தான் வெட்ட வேண்டும். வெட்டிவிட்டு மடக்கினால் பட்டை அவிழ்ந்துகொண்டு, புதுக் கம்பி அன்றைக்கே குப்பைக்குப் போகும்.